பாயின்ட் ஷூவில் கால் ஏன் வலிக்கிறது?

பாலேயில் விரல்நுனியில் ஏறி நின்று ஆடுவதற்கு அணிவது பாயின்ட் ஷூ. என் மகள் ஆடித் தேய்த்த அத்தகைய ஷூ ஒன்றைக் குப்பையில் போடுவதற்கு முன், சமையலறைக் கத்தியால் நீளவாட்டில் பிளந்து பார்த்தேன். அதன் முனைக்குள் மரக்கட்டையோ இரும்போ இருக்கும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பாலே பார்க்கப் போகிற பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். உள்ளே இருந்தவை வெளிர்சிவப்புச் சாட்டின் துணி, அதற்கு அடியில் சாக்குத்துணி போன்ற முரட்டு நெசவு, காகித அடுக்கு, இவற்றை ஒன்றோடொன்று இறுகப் பிடித்திருந்த பசை, அவ்வளவுதான். பாதத்தின் அடியில் மெல்லிய தோல் ஒன்றும், அதன்மேல் அழுத்தமான அட்டைப் பட்டை ஒன்றும், அந்தப் பட்டையைப் பிடித்திருந்த சிற்றாணிகளும் இருந்தன. வாங்கிய அன்று மேசையில் தட்டினால் டக்கென்று ஒலித்த அந்த முனை, இப்போது கட்டைவிரலால் அழுத்தினாலே நமுத்துப்போன பிஸ்கட்டைப் போல் உள்வாங்கியது. இரண்டு வாரமாகக் கறுத்துக்கொண்டிருந்த அவளுடைய பெருவிரல் நகத்துக்குக் காரணம் என் கையிலேயே இருந்தது.

பாலே ஆடினால் கால் புண்ணாகத்தான் செய்யும், பல்லைக் கடித்துக்கொண்டு ஆடுவதுதான் கலை என்ற பேச்சு எல்லாப் பயிற்சிக்கூடங்களிலும் உண்டு. அதை நான் ஏற்கவில்லை. நுனிவிரலில் நிற்பது உடலுக்குக் கடினமான வேலை என்பதும், தசைகள் களைக்கும், தோல் சிவக்கும் என்பதும் உண்மையே. ஆனால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வரும் கூர்மையான வலிக்குப் பெரும்பாலும் கண்டுபிடிக்கக்கூடிய ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தைச் சரிசெய்யாமல் மேலே பஞ்சு வைத்து மூடுவதால் பயனில்லை.

காரணத்தைப் புரிந்துகொள்ள ஷூவின் அமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். விரல்களைச் சுற்றியிருக்கும் கெட்டியான கூட்டுக்கு பாக்ஸ் என்று பெயர். அதன் நுனியில், தரையில் ஊன்றுவதற்காகத் தட்டையாக விடப்பட்டிருக்கும் சிறு பரப்பு பிளாட்ஃபார்ம். பாக்ஸின் இரு பக்கங்களிலும் பாதத்தை அணைத்தபடி மேலேறும் கெட்டிப் பகுதிகளை விங் என்றும், விரல்களின் மேற்புறத்தை மூடும் பகுதியை வாம்ப் என்றும் சொல்கிறார்கள். உள்ளங்காலின் கீழ் முதுகெலும்பு போல ஓடும் அந்த அட்டைப் பட்டைதான் ஷாங்க். சில ஷூக்களில் ஷாங்க் தோலால் ஆனதாக இருக்கும். 1993-இல் நியூயார்க்கில் அறிமுகமான கெய்னர் மிண்டன் ஷூக்களில் பாக்ஸும் ஷாங்கும் அட்டைக்கும் பசைக்கும் பதிலாக, வளைந்து மீளும் செயற்கைப் பொருளால் செய்யப்படுகின்றன.

இப்போது ஒரு புனலை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் ஓர் எலுமிச்சம்பழத்தை இட்டால் அது அடிக்குழாய் வரை இறங்குவதில்லை. பக்கச் சுவர்கள் அதைச் சுற்றிலும் தாங்கி நடுவழியிலேயே நிறுத்திவிடுகின்றன. பாயின்ட் ஷூவும் அப்படித்தான் வேலை செய்ய வேண்டும். முன்பாதம் அகன்றும் நுனி குறுகியும் இருப்பதால், பாக்ஸின் சுவர்களும் விங்குகளும் பாதத்தை நாலாபுறமும் பிடித்து நிறுத்துகின்றன. ஷாங்க் பாதவளைவுக்கு அண்டைகொடுக்கிறது. மிச்ச வேலையைக் காலின் தசைகள் ஆடுபவரை மேல்நோக்கி இழுத்துப்பிடித்துச் செய்கின்றன. இவற்றில் எது தவறினாலும் பாதம் கீழே சரிகிறது, உடலின் எடை முழுவதும் ஒன்றிரண்டு விரல்நுனிகளில் போய் உட்காருகிறது. கடையில் காலுக்கேற்ற ஷூவைப் பொருத்திக் கொடுக்கும் ஃபிட்டர்கள் இதை ‘மூழ்குதல்’ என்கிறார்கள். பாயின்ட் வலிகளில் பெரும்பகுதி இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும்.

இந்தக் கூடு தொடக்கத்திலிருந்தே இருந்ததன்று. 1832-இல் பாரிஸ் ஓப்பராவில் ‘லா சில்ஃபீட்’ ஆடிய மரீ தாக்லியோனி அணிந்தது மென்மையான சாட்டின் செருப்புதான். நுனியையும் பக்கங்களையும் நூலால் இழையோட்டித் தடிப்பாக்கியிருந்தார்கள், மற்றபடி அவரைத் தாங்கியவை அவருடைய கால்களே. 1895-இல் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ‘ஸ்வான் லேக்’ ஆடிய இத்தாலிய நர்த்தகி பியரினா லெஞ்ஞானி ஒற்றைக் காலில் முப்பத்திரண்டு முறை சுழன்று காட்டியபோது, நுனி தட்டையாகவும் கெட்டியாகவும் அமைந்த இத்தாலிய ஷூ அதற்குத் துணைநின்றது. மெலிந்த பாதமும் மிக உயர்ந்த பாதவளைவும் கொண்ட ரஷ்ய நர்த்தகி அன்னா பாவ்லோவா, தன் ஷூக்களுக்குள் தோல் அட்டை வைத்து வலுவூட்டிக்கொண்டார். அது ஏமாற்று என்று சிலர் முணுமுணுத்தார்கள். இன்றைய ஷூவின் ஷாங்க் அந்தத் தோல் அட்டையின் வழிவந்ததுதான். (பிற்காலத்தில் சென்னையில் கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேலுக்கு பாலேயில் ஆர்வம் ஊட்டியவரும், உன் நாட்டின் கலையையும் தேடிப் பார் என்று தூண்டியவரும் இதே பாவ்லோவாதான்.) தன் பாதத்துக்கு எது தேவையோ அதைத் துணிந்து ஷூவில் மாற்றிக்கொள்ளலாம் என்பதை அவரிடமிருந்து நாம் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

ஆகவே வலியைக் குறைக்கும் முதல் வேலை கடையில், ஃபிட்டரின் எதிரில் நடக்கிறது. லண்டனில் மகளுக்கு முதல் ஷூ வாங்கச் சென்றபோது, அரைமணி நேரத்தில் முடியும் என்று நினைத்தது ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆனது. அந்தப் பெண்மணி முதலில் ஷூவைத் தொடவே இல்லை. வெறுங்காலை மடியில் வைத்துக்கொண்டு விரல்களின் நீளத்தைப் பார்த்தார், முன்பாதத்தை இரு பக்கமும் பிடித்து அமுக்கி எவ்வளவு ஒடுங்குகிறது என்று பார்த்தார், பாதவளைவை வளைத்துப் பார்த்தார். பெருவிரல் நீண்டு மற்றவை சரிவாக இறங்கும் பாதத்துக்கும், இரண்டாம் விரல் நீண்டிருக்கும் பாதத்துக்கும், விரல்கள் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கும் பாதத்துக்கும் வெவ்வேறு வடிவப் பாக்ஸ் தேவை. அமுக்கினால் ஒடுங்கிவிடும் பாதம் நுனியில் ஏறும்போதும் ஒடுங்கி மூழ்கும் என்பதால், அதற்குக் குறுகலான பாக்ஸ் வேண்டும்.

போட்டுப் பார்க்கும்போது கவனிக்க வேண்டியவற்றையும் அன்றுதான் கற்றேன். தரையில் நின்று முழங்காலை மடக்கினால் விரல்நுனிகள் ஷூவின் முனையைத் தொட வேண்டும், ஆனால் விரல்கள் மடங்கக் கூடாது. பாயின்ட்டில் ஏறி நிற்கும்போது குதிகாலுக்குப் பின்னால் உள்ள துணியை விரலிடுக்கில் பிடித்தால் கால் அங்குல அளவுக்கு வர வேண்டும். கை நிறைய வந்தால் ஷூ நீளம், பிடிக்கவே முடியாவிட்டால் குட்டை. வாம்ப் விரல்களின் அடிமூட்டுகளை மூடியிருக்க வேண்டும். குட்டையாக இருந்தால் பாதம் முன்பக்கம் பிதுங்கி வழியும். பிள்ளை வளருகிறாள், ஓர் அளவு பெரிதாகவே வாங்கிவிடலாம் என்று பள்ளிச் சீருடைக்குச் செய்கிற கணக்கை இதில் செய்யவே கூடாது. இடம் விட்ட ஷூ மூழ்கவைக்கும் ஷூ. வகுப்பில் ஷூவுக்குள் விரல்களைச் சுற்றி எந்த மெத்தையை அணியப்போகிறோமோ அதையே கடைக்கும் கொண்டுபோக வேண்டும், ஏனென்றால் ஒரு சிறு ஜெல் உறைகூட அளவை மாற்றிவிடும்.

ஷூ பொருந்தியபின்னும் வலித்தால், எங்கே வலிக்கிறது என்று விரல்வைத்துக் காட்டச் சொல்லுங்கள். பெருவிரலின் நுனியும் நகமும் வலித்தால் மூழ்குதல்தான் முதல் சந்தேகம்: பாக்ஸ் அகலம், அல்லது ஷூ இறந்துவிட்டது (அதாவது இளகித் தளர்ந்துவிட்டது), அல்லது நகம் நீளமாக இருக்கிறது. விரல் கணுக்களின் மேற்புறத்தில் புண்ணானால் விரல்கள் உள்ளே மடங்கியே நிற்கின்றன என்று பொருள். ஷூ குட்டையாக இருந்தாலும் இது நேரும், நழுவும் பயத்தில் விரல்களால் தரையைப் பற்ற முயலும் தொடக்கநிலை மாணவிகளுக்கும் நேரும். பெருவிரலின் அடிமூட்டு பக்கவாட்டில் புடைத்து வலிப்பது குறுகிய பாக்ஸாலோ, எடையை உட்பக்கமாகச் சாய்க்கும் பழக்கத்தாலோ வரலாம்; பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையே சிறு சிலிக்கான் இடைவெளிக் கட்டை வைத்தால் பெருவிரல் நேராக நிற்கிறது, உராய்வு குறைகிறது. முன்பாதம் முழுவதும் மரத்துப்போனாலோ மின்சாரம் பாய்ந்தது போலக் கூசினாலோ, எலும்புகளுக்கு இடையே ஓடும் நரம்புகள் நெருக்கப்படுகின்றன. அதற்கு முதல் வைத்தியம் அகலமான ஷூ.

குதிகாலுக்கு மேலே ஏறும் தடித்த தசைநாண் வலித்தால் ஷூவைவிட முடிச்சையே முதலில் பாருங்கள். ஷூவின் விளிம்பில் ஓடும் இழுகயிற்றை இறுக்கிக் கட்டியிருப்பார்கள், அல்லது எலாஸ்டிக் பட்டி பிடிப்பாக இருக்கும், அல்லது ரிப்பன் முடிச்சு நேரே அந்த நாணின்மேல் அமர்ந்திருக்கும். முடிச்சு கணுக்காலின் உட்பக்கத்தில், எலும்புக்கும் நாணுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் விழ வேண்டும். ரிப்பனில் நாணைக் கடக்கும் இடத்தில் மட்டும் சிறு எலாஸ்டிக் துண்டைத் தைத்துச் சேர்ப்பது பழைய வழக்கம். பாதம் மடங்கும்போது அது நீண்டு கொடுக்கும்.

மெத்தைகளைப் பற்றி இதற்கு முன் விரிவாகப் பேசாததற்குக் காரணம் உண்டு. புதிதாகத் தொடங்குபவர்கள் தடித்த ஜெல் உறை, அதற்குமேல் பஞ்சு, ஒவ்வொரு விரலுக்கும் குழாய் என்று அடைத்துக்கொண்டு, அதற்கு இடம்தேட ஓர் அளவு பெரிய ஷூ வாங்குகிறார்கள். அப்போது பாதத்தைச் சுவர்கள் பிடிப்பதில்லை, தரையும் காலுக்குத் தெரிவதில்லை. ஆட்டுக்கம்பளி இன்னும் பலருக்குப் பிடித்தமானது: ஒரு பிடி எடுத்து உதறிப் பரப்பி, விரல்களுக்குமேல் மெல்லிய போர்வைபோல் சுற்றினால் அது வியர்வையை உறிஞ்சும், இடுக்குகளில் வேண்டிய அளவே நிறையும். மெல்லிய ஜெல் உறை உராய்வைக் குறைக்கும், ஆனால் வியர்வையைத் தேக்கும். ஒவ்வொரு வகுப்புக்குப் பின்னும் கழுவிக் காயவைக்க வேண்டும். மெத்தையின் உண்மையான வேலை விரல்களின் மட்டத்தைச் சமன்செய்வது என்று நான் கருதுகிறேன். இரண்டாம் விரல் நீண்டிருந்தால் எடை அதன்மேல் விழும். அப்போது அந்த விரலுக்கு மெத்தை வைப்பது இயல்பாகத் தோன்றினாலும், வைத்தால் அது இன்னும் நீண்டுவிடுகிறது. குட்டையான பெருவிரலின் நுனியில் சிறு தொப்பி வைத்தால் இரண்டும் சேர்ந்து எடையைப் பகிர்ந்துகொள்கின்றன.

தோலைப் பொறுத்தவரை, கொப்புளம் வரும் இடம் வகுப்புக்கு முன்பே சிவந்து சூடாகக் காட்டிக்கொடுக்கும். அந்த இடத்தில் மட்டும் டேப்பைச் சுருக்கமின்றி ஒட்டுங்கள். சுருக்கம் விழுந்த டேப்பே புதிய கொப்புளத்தை உண்டாக்கும். வந்துவிட்ட கொப்புளத்தின் மேல்தோலை உரிக்காமல், மருந்துக்கடையில் கிடைக்கும் கொப்புளப் பிளாஸ்டரால் மூடி வைப்பது நல்லது. நகங்களை நேராக, தசையோடு ஒட்ட வெட்டாமல் சிறிது விட்டு, வகுப்புக்கு ஒன்றிரண்டு நாள் முன்பே வெட்டிக்கொள்ள வேண்டும். காய்ப்பு கண்ட தோல் ஆடுபவருக்குப் பாதுகாப்பு. அதைத் தேய்த்து எடுத்துவிடாதீர்கள்.

இத்தனையும் சரியாக இருந்து, கால் தயாராக இல்லாவிட்டால் வலி நிற்காது. நடன மருத்துவத்துக்கான சர்வதேச சங்கத்தின் வழிகாட்டுதல் பன்னிரண்டு வயதுக்கு முன் பாயின்ட் வேண்டாம் என்கிறது. வாரம் ஒருமுறை மட்டும் பாலே கற்பவர்களை இதில் இறக்குவதையும் அது ஊக்குவிப்பதில்லை, வாரம் இருமுறை கற்பவர்களுக்கு நான்காம் ஆண்டில் தொடங்கலாம் என்கிறது. வயதைவிட வலுவே முக்கியம். காலை நீட்டி அமர்ந்து பாதத்தை முழுவதும் நீட்டும்போது, கணுக்காலின்மேல் வைத்த பென்சில் முழங்காலுக்குக் கீழுள்ள முன்னெலும்பின் முனையில் தட்டாமல் படிகிறதா என்று பார்ப்பது ஓர் எளிய சோதனை. படியாவிட்டால், ஷூவுக்குள் அந்தக் கணுக்கால் பிளாட்ஃபார்மின் நடுவுக்கு வந்து சேர முடியாது. பின்புறம் சாய்ந்தபடி, முழங்காலை வளைத்தபடி நிற்க வேண்டிவரும். ஒற்றைக் காலில், முழங்கால் மடங்காமல், கணுக்கால் உள்ளேயும் வெளியேயும் சாயாமல் இருபது முறையாவது ஏறியிறங்க முடிகிறதா என்றும் பல ஆசிரியர்கள் பார்க்கிறார்கள்.

வீட்டில் செய்யக்கூடிய பயிற்சிகளில் எனக்கு மிகவும் பயனுள்ளதாகத் தெரிந்தது பார்வைக்கு ஒன்றுமே இல்லாதது. நாற்காலியில் வெறுங்காலோடு அமர்ந்து, விரல்களை மடக்காமல் நீட்டி வைத்தபடி, பாதவளைவை மட்டும் கூடாரம்போல் மேலே தூக்கி ஐந்து எண்ணி இறக்க வேண்டும். முதல் நாள் விரல்கள் நண்டுபோல் மடங்கும், உள்ளங்கால் பிடித்துக்கொள்ளும். சில வாரங்களில் விரல்கள் அமைதியாகக் கிடக்க, வளைவு தனியே எழத் தொடங்கும். ஷூவுக்குள் விரல் மடங்காமல் நீண்டு நிற்கவைக்கும் சிறு தசைகள் இவைதாம். வகுப்பில் முதல் மாதங்களில் இறுதிப் பத்துப் பதினைந்து நிமிடங்கள் மட்டும், இரு கைகளாலும் பாரை (பயிற்சிக்கூடத்தின் கைப்பிடிக் கம்பியை) பிடித்துக்கொண்டு ஏறுவது போதும். ஏறும்போதும் இறங்கும்போதும் பாதத்தின் ஒவ்வொரு மூட்டின் வழியாகவும் கடந்து செல்லாமல் தொப்பென்று விழுந்தால், எந்த மெத்தையும் அந்த அதிர்ச்சியைத் தாங்காது.

நான் பிளந்து பார்த்த ஷூவுக்குத் திரும்புகிறேன். பசையும் துணியும் காகிதமும் சேர்ந்த கூடு என்பதால், காலின் சூடும் வியர்வையும் அதை இளக்குகின்றன. தொழில்முறை நர்த்தகியர் ஒரு முழுநீள பாலேயை ஆடி முடிப்பதற்குள் ஒரு ஜோடியையே தீர்த்துவிடுவதுண்டு. ஃப்ரீட் ஆஃப் லண்டன் போன்ற நிறுவனங்களில் ஷூக்களை உட்புறம் வெளியே தெரியும்படி தைத்து, புரட்டி, பசை இறுக அடுப்பில் வைத்துக் காயவைக்கிறார்கள். ஒவ்வொரு கைவினைஞரின் முத்திரையும் அடித்தோலில் பதிந்திருக்கும், நர்த்தகியர் தம் காலுக்கு ஒத்துவரும் முத்திரையைக் கேட்டு வாங்குகிறார்கள். மாணவிகளின் ஷூ வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ வரும், ஆனால் ஆடிய உடனே பிளாஸ்டிக் பையில் திணித்தால் விரைவில் சாகும். உள்ளேயிருக்கும் மெத்தையை எடுத்துவிட்டு, காற்றோடும் வலைப்பையில், வெயிலிலோ ஹீட்டரின் மேலோ வைக்காமல் ஒருநாள் முழுக்கக் காயவிட வேண்டும். இரண்டு ஜோடிகளை மாற்றி மாற்றி அணிந்தால் இரண்டும் நீடிக்கும். பிளாட்ஃபார்ம் ஒருபக்கமாகச் சாய்ந்தாலோ, ஷாங்க் எதிர்ப்பின்றி முறுக்கிக்கொண்டாலோ, பாக்ஸ் விரலுக்கு அமுங்கினாலோ அதில் பாயின்ட் ஏறக் கூடாது. விலை அதிகம் என்பதால் பெற்றோர் இந்த இடத்தில்தான் தள்ளிப்போடுகிறோம். நானும் தள்ளிப்போட்டேன், அதன் விலையை அவளுடைய நகம் கொடுத்தது.

சில வலிகளுக்கு இந்தக் கட்டுரையில் மருந்து இல்லை. பாதத்தின் நடுமேற்பகுதியில் ஒரே புள்ளியில் தொட்டால் துடிக்கும் வலி, இரண்டாம் விரலின் நீண்ட எலும்பின் அடியில் ஏற்படும் அழுத்த முறிவாக இருக்கலாம். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில்கூட அது தெரியாமல் போவதுண்டு. பாதத்தை நீட்டும்போதெல்லாம் கணுக்காலின் பின்புறம் நசுங்குவது போல் வலித்தால் அங்குள்ள எலும்போ, பெருவிரலை மடக்கும் தசைநாணோ நெருக்கப்படுகிறது. மறுநாள் காலையிலும் நீடிக்கும் வலி, நொண்டவைக்கும் வலி, இரவில் எழுப்பும் வலி ஆகியவையும் இந்த வகையே. இவற்றை வலிநிவாரண மாத்திரையாலோ மரத்துப்போகவைக்கும் களிம்பாலோ அடக்கிக்கொண்டு ஆடுவது, முறிவை இன்னும் பெரிதாக்கும். விளையாட்டு மருத்துவத்தில் பழகியவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ காட்டுங்கள். போகும்போது கடைசியாக ஆடிய அந்த ஜோடி ஷூவையும் கையில் எடுத்துச் செல்லுங்கள். பிளாட்ஃபார்ம் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, ஷாங்க் எந்த இடத்தில் ஒடிந்திருக்கிறது என்று பார்த்தாலே, எடை எங்கே விழுந்துகொண்டிருந்தது என்பதை அவர் பிள்ளையிடம் கேட்பதற்கு முன்பே அறிந்துகொள்வார்.